பாட்டிலில் முன்பு என்ன இருந்தது

மருந்தியல் படிக்கும் மூன்று பெண்கள் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்துவிட்டு, அதில் கற்றதைப் பற்றிக் கல்லூரி மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதியிருந்தார்கள். வாங்கிப் படித்தேன். பொறுமை கற்றேன், கூடி வேலை செய்யக் கற்றேன், நேரத்தை மதிக்கக் கற்றேன். மூன்றிலும் இதேதான். ஒருத்தியாவது ஒரு நோயாளி சொன்ன ஒரு வார்த்தையை எழுதியிருக்க வேண்டுமே, இல்லை.

"உங்க ட்ரெய்னிங்ல நீங்க என்ன மேடம் கத்துக்கினீங்க?" என்று அவர்களில் வாயாடியான ஒருத்தி கேட்டாள்.

"பயிருக்கா, மனுசனுக்கான்னு கேக்கக் கத்துக்கினேன்" என்றேன்.

சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இன்று மருந்து கம்பெனிப் பாட்டிலில் முத்திரையோடு வருகிறது. அதை வாங்குகிறவரிடம் கேட்க எதுவும் இல்லை. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் ஜன்னலில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்ட கேள்வி அது. எப்படி வந்தது என்பதை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். மலரில் போட முடியுமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் தாமலில் பிறந்தவள். ஏரிப் பாசனத்தில், அடுத்தவர் நிலத்தில், நடவும் அறுப்புமாகப் பிழைத்த குடும்பம். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அரசாங்க உதவித்தொகையில் சென்னையில் விடுதியில் தங்கி மருந்தாளுநர் பட்டயம் படித்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லத்தீன் சுருக்கங்களை உருப்போட்டேன், விடுதிக் குழம்பைச் சபித்தேன், தேறினேன். பிறகு எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போட்டார்கள். அதன் பெயர் வேண்டாம். வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்தபோது தையல்காரர், "எந்த டாக்டரம்மாவுக்கு?" என்று கேட்டார். "எனக்குத்தான். அளவெடுங்க" என்றேன். அந்தக் கோட்டை வீட்டில் கொடியில் காயப்போட்டால் தெருவுக்குத் தெரியும்படிதான் போடுவேன்.

மருந்து கொடுக்கும் அறையின் தலைவர் ரங்கையா. தெலுங்கு பேசும் வீட்டுக்காரர். என்னை "அம்மாயி" என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் பேச்சில் பெண்ணே என்று பொருள். அதிர்ந்து பேசாதவர். கூட்டம் ஜன்னலை நெரித்தாலும் அவர் கை வேகம் கூடாது, குறையாது. என் சாதி என்ன என்று முதல் நாளே தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டு, மண்பானையிலிருந்து தன் டம்ளரிலேயே தண்ணீர் மொண்டு கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அப்படிச் செய்யவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் பாட்டில் கிடையாது. மிக்சர் என்கிற திரவ மருந்து பெரிய ஜாடிகளில் இருக்கும். நோயாளிகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர வேண்டும். எண்ணெய்ப் பாட்டில், பிராந்திப் பாட்டில், தலைக்குத் தேய்க்கும் தைலப் பாட்டில், எது கிடைத்தாலும் சரி. ரங்கையா அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். காஞ்சிபுரத்தில் அது முக்கியம். பட்டுக்குச் சாயம் போடுகிறவர்களின் வீட்டுப் பாட்டிலில் அடியில் எங்காவது ஒரு சிவப்போ பச்சையோ ஒட்டியிருக்கும். இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அடுத்து, "என்ன இருந்துச்சு இதுல?" என்று கேட்பார். பதில் வந்ததும் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நன்றாக ஒரு மூச்சு இழுப்பார். பிறகுதான் ஜாடிக் குழாயைத் திறப்பார். ஊற்றி முடித்ததும் ஒரு தாள் துண்டை மடித்து ஓரத்தைப் படிப்படியாகக் கத்தரித்து பாட்டிலின் முதுகில் ஒட்டுவார். ஒரு படி ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். கடைசியாக, "நல்லா குலுக்கிட்டுக் குடு" என்பார். குலுக்காவிட்டால் மிக்சரில் மருந்து அடியில் தங்கிவிடும்.

ஒரு நாள் என் கையிலிருந்து கார்பாலிக் புட்டி நழுவி அவருடைய நாற்காலிக்குப் பின்னால் விழுந்து உடைந்தது. அறை முழுக்க நெடி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் தாளைக் கத்தரித்துக்கொண்டே இருந்தார். நான் இருமிய பிறகுதான் திரும்பினார். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்டுகொண்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேசை மேல் இருந்த மூக்குப்பொடி டப்பாவைக் காட்டி, "இதுதான் காரணம் அம்மாயி. மூக்கு செத்துப்போயி ரொம்ப வருசமாச்சு" என்றார்.

"அப்ப தினம் மோந்து பாக்கறீங்களே சார்?"

"நான் மோந்து பாக்கறதப் பாத்தாதான் சனங்க பாட்டில ஒழுங்கா கழுவி எடுத்துக்கினு வரும். போலீஸ்காரன் கையில இருக்கற லத்தி மாதிரி வெச்சிக்கயேன். அடிக்கணும்னு இல்ல, கையில இருந்தா போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "வெளியில சொல்லிடாத."

அதன் பிறகு சந்தேகமான பாட்டில் வந்தால் ஒன்றும் பேசாமல் என் பக்கம் நீட்டுவார். நான் முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டுவேன். நல்ல ஏற்பாடு என்றே இருவரும் நினைத்தோம்.

மழைக்காலம் தொடங்கிய சமயம். ஆண்கள் வார்டுக்கு மருந்து எடுத்துக்கொண்டு நான் போயிருந்த ஒரு காலை நேரத்தில், முசரவாக்கத்திலிருந்து கன்னியம்மா என்ற பெண் தன் குழந்தைக்கு இருமல் மருந்து வாங்கிப் போயிருக்கிறாள். அவள் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அதே குழந்தையைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நடக்கத் தொடங்கியிருந்த பெண் குழந்தை. பெயர் அஞ்சலை. வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கண்ணின் பாப்பா கடுகளவாகச் சுருங்கியிருந்தது. பெரிய டாக்டர் பார்த்தவுடனே, "பூச்சிமருந்து உள்ள போயிருக்குது. அட்ரோபின் எடுத்துக்கினு ஓடி வா" என்று என்னை விரட்டினார். விஷ முறிவுக்கு ஊசி மேல் ஊசி போட்டார். குழந்தை மதியம்வரை தாங்கவில்லை.

பூச்சிமருந்து என்று வந்துவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்த கன்னியம்மாவிடம் நின்றபடியே கேட்டார். நான் சற்றுத் தள்ளி இருந்தேன்.

"உனுக்கு எத்தினி புள்ளைங்க?"

"மூணுங்க."

"ஆம்பளப் புள்ள?"

"இல்லீங்க. மூணும் பொண்ணுதான்."

அவர் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் புள்ளைக்கு நேத்து நீ என்னா குடுத்த?"

"மருந்து குடுத்தேங்க."

"யாரு, நீயேவா?"

"நாந்தாங்க. எங்கையாலதான் ஊத்தனேன். துப்பித் துப்பி விட்டா. புடிச்சிக்கினு ஊத்தனேன்."

எங்கள் பக்கத்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், "மருந்து குடிச்சிட்டான்" என்றுதான் சொல்வார்கள். அந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் வந்த வழக்குகளிலெல்லாம் மருந்து என்றால் ஒரே பொருள்தான். அவர் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார். கன்னியம்மாவுக்குத் தான் என்ன ஒப்புக்கொண்டோம் என்று தெரியாது. தன் பிள்ளைக்குப் பொறுப்பாக வைத்தியம் பார்த்ததைத்தான் சொன்னாள்.

அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "யம்மா, ஆஸ்பத்திரிக்கு எந்த பாட்டில எடுத்துக்கினு வந்த?"

"நல்ல பாட்டிலுதாம்மா. ரெட்டியாரு கழனிமேட்டுல கெடந்துச்சு. சாம்பலு போட்டுத் தேச்சிக் கழுவித்தான் எடுத்தாந்தேன். அந்த மூக்கு வெச்சிப் பாக்கற ஐயா கேட்டாரு, என்ன இருந்துச்சின்னு. மருந்து இருந்த பாட்டிலுங்கன்னேன். சரின்னு ஊத்திக் குடுத்தாரு."

தாமலில் அந்த நாளில் பூச்சிமருந்து புதுசு. வயலுக்கு அடிப்பதை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'மருந்து அடிச்சாச்சா' என்றால் நெல்லுக்கு அடித்தாகிவிட்டதா என்று பொருள். ரங்கையா வயலே இல்லாத பெரிய காஞ்சிபுரத்துத் தெருவில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். மருந்து இருந்த பாட்டில் என்றதும், இதைவிடச் சுத்தமான பாட்டில் ஏது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஜன்னலில் அவளுடைய 'மருந்து' குணமாக்குவதாகக் கேட்டது. வராந்தாவில் அதே 'மருந்து' கொல்வதாகக் கேட்டது. அவள் வாயில் இரண்டுமே சரியாகத்தான் இருந்தன.

சப்-இன்ஸ்பெக்டர் மருந்து அறைக்கு வந்தார். ரங்கையா எழுந்து நின்று பதில் சொன்னார்.

"எங்க ஜாடியில தப்பு இல்லீங்க. அதே ஜாடியிலேருந்து நேத்து எத்தனையோ பேருக்கு ஊத்தினேன். யாருக்கும் ஒண்ணுமில்ல."

"பாட்டில்?"

"மோந்து பாத்துத்தான் ஊத்தினேன். சுத்தமா இருந்துச்சு."

"அப்ப நீங்க ஊத்தற வரைக்கும் அதுல விஷம் இல்ல."

ரங்கையா மேசை மேல் இருந்த மூக்குப்பொடி டப்பாவை ஓரமாகத் தள்ளினார். "இல்லீங்க" என்றார்.

அதன் பொருள் என்ன என்பது அந்த அறையில் இருந்த மூவருக்கும் விளங்கியது. பாட்டில் சுத்தமாக ஆஸ்பத்திரியை விட்டுப் போயிருந்தால் விஷம் வீட்டில்தான் கலந்திருக்க வேண்டும். வீட்டில் ஊற்றியவள் ஒருத்திதான். சென்னைக்கு அனுப்பிச் சோதித்தாலும் விஷம் இருப்பதைச் சொல்வார்களே தவிர, எப்போது வந்தது என்று சொல்ல மாட்டார்கள்.

போலீஸ் கன்னியம்மாவை அழைத்துக்கொண்டு போன பிறகு ரங்கையா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். சாப்பிடவில்லை. மூடினார்.

"அம்மாயி, நீ அந்தப் பொம்பளகிட்ட பேசிக்கினு இருந்தியே."

"ஆமா சார். 'மருந்து இருந்த பாட்டில்'னு உங்ககிட்ட சொல்லியிருக்கா. அவ சொன்னது பூச்சிமருந்த."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டிலை முகரும்போது மூடுவாரே, அதே போல. "எனக்குப் புரியல அம்மாயி. சத்தியமா புரியல. மருந்துன்னா மருந்துதானே?"

"போலீசுகிட்ட மோந்து பாத்தேன்னு சொன்னீங்களே."

"மோந்துதான் பாத்தேன்." தூக்கைத் தள்ளி வைத்துவிட்டு, "ரிட்டயராக ரெண்டு வருசந்தான் இருக்குது. பெரியவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கினு இருக்கேன். மூக்கு போனவன் எப்படி இந்த வேலையில இருந்தான்னு கேட்டா என்ன சொல்றது?" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "உன் பயிற்சி சர்டிபிகேட்டுல நாந்தான் கையெழுத்துப் போடணும். மெரட்டறதுக்காகச் சொல்லல. ஞாபகப்படுத்தறேன். நீ என்ன சொல்லப் போற?"

"அவளுக்குத் தூக்கு விழும் சார்."

"தூக்கெல்லாம் விழாது."

"ஜெயிலு?"

அவர் தாளை எடுத்துக் கத்தரிக்கத் தொடங்கினார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அந்த டம்ளர் தண்ணீரை நான் மறக்கவில்லை. ஆனால் எங்கள் தெருப் பேச்சு தெரிந்த ஆள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்காவிட்டால் கன்னியம்மாவின் வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல யாரும் இல்லை. பெரிய டாக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் அவர் சப்-இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். பாட்டிலும் வந்தது, துணியில் சுற்றி. ரங்கையாவையும் என்னையும் நிற்க வைத்தார்.

நான் மருந்து என்ற சொல்லைப் பற்றிச் சொல்லி முடித்ததும் சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஒரு நாக்குல ரெண்டு மருந்தா? நீ எந்த ஊரும்மா?"

"தாமல்."

"தாமல்ல எங்க?"

எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்தது. இடத்தைச் சொன்னேன்.

"அதான. உங்காளுங்கன்னு பரிஞ்சிக்கினு வரியா?"

"நான் பட்டயம் படிச்ச மருந்தாளுநர் சார். அந்தம்மாவ முந்தாநாள் வரைக்கும் பாத்தது கூட இல்ல. அவங்க பேசறது எனக்குப் புரியுது, உங்களுக்குப் புரியல. அதான் வந்தேன்."

பெரிய டாக்டர் கையமர்த்தினார். பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடிய நல்லாத்தான் கழுவியிருக்கா" என்றார். பிறகு தக்கையைப் பிடுங்கி, அதன் அடிப்பக்கத்தைப் பேனாக்கத்தியால் சீவினார். அது ஆதியிலிருந்தே அந்தப் பாட்டிலோடு இருந்த தக்கை. உள்ளே பஞ்சு போல ஊறிக் கிடந்தது. சீவிய அந்தக் கணம் அறையில் பூச்சிமருந்தின் அழுகிய பூண்டு நாற்றம் கிளம்பியது. சப்-இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்தார். 'நல்லா குலுக்கிட்டுக் குடு' என்று நாங்கள் சொல்லி அனுப்பியது என் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வேளையும் நாங்கள் சொன்னபடியே அவள் குலுக்க, மருந்து தக்கையை நனைத்துத் திரும்பியிருக்கும்.

பெரிய டாக்டர் தக்கையை ரங்கையாவிடம் நீட்டினார். "என்ன வாசனை வருது, சொல்லுங்க."

ரங்கையா வாங்கி மூக்கில் வைத்து மூச்சு இழுத்தார். பிறகு வழக்கம் போல என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினால் ஒன்று, மூக்கைச் சுளித்தால் ஒன்று. அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"சோம்பு வாசனை சார்" என்றார். "நம்ம இருமல் மிக்சர்தான்."

சப்-இன்ஸ்பெக்டரின் மூக்கில் இருந்த கைக்குட்டையை ரங்கையா பிறகுதான் கவனித்தார். தக்கையை மெதுவாக மேசை மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். கன்னியம்மா உடனே வெளியே வரவில்லை. எழுதியது எழுதியதுதான், சென்னையிலிருந்து சோதனை முடிவு வந்தாக வேண்டும் என்றார்கள். மழை முடிந்து, அறுப்பும் முடிந்த பிறகுதான் விட்டார்கள். ரங்கையா நீண்ட விடுப்பில் போய், திரும்பாமலே ஓய்வு வாங்கிக்கொண்டார். போவதற்கு முன் என் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். 'நன்று' என்று அழகான எழுத்தில் எழுதி, மை உலர ஊதி, என் பக்கம் தள்ளினார். "மூக்கு நல்லா இருக்குது உனக்கு. வெச்சிக்க" என்றார். தலை நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில், 'தண்ணி குடுத்த கையக் கடிச்சவ' என்று என் காது படவே பேசினார்கள். பயிற்சி முடிகிற வரை நான் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோனேன். அந்தக் கோட்டைத் துவைத்துத் தேய்த்துத்தான் ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டு போனேன். பெரிய டாக்டர் மட்டும் ஒரு நாள் ஜன்னலில் என்ன கேள்வி கேட்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். 'பயிருக்கா, மனுசனுக்கா' என்பதைச் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்.

கன்னியம்மா ஊருக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முசரவாக்கம் போனேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மூத்த பெண்கள் இருவரும் பக்கத்தில். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு சாக்கை உதறிப் போட்டாள்.

"நீதான் டாக்டருகிட்ட சொன்னியாமே, பாட்டிலுதான் காரணம்னு."

"ஆமாம்மா."

"அப்ப அந்த ஜாடி மருந்துல ஒண்ணுமில்லியா?"

"ஒண்ணுமில்ல."

அவள் காயை உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "ஜெயில்ல இருந்தமுட்டும் அந்தக் கம்பவுண்டரத்தான் திட்டிக்கினு இருந்தேன். எதையோ மாத்தி ஊத்திட்டான், எம்புள்ளய கொன்னுட்டான்னு. தெனம் காலையில எழுந்தா திட்டுவேன். மண்ணை வாரித் தூத்துவேன். அது ஒரு தெம்பா இருந்துச்சும்மா. உடும்போதுதான் போலீசு சொன்னாரு, நீ கொலைகாரி இல்ல, ஒம்பாட்டிலுதான்னு."

இருவரில் சின்னவள் ஒரு கொட்டையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு ஓடினாள்.

"சாம்பலு போட்டுக் கழுவனேன். வைக்கோல உள்ள வுட்டுத் தேச்சேன். வெயில்ல கவுத்து வெச்சேன். நீ படிச்ச பொண்ணு, சொல்லு. இன்னொரு வாட்டி கழுவியிருந்தா போயிருக்குமா?"

"போகாதும்மா" என்றேன். "எத்தினி வாட்டி கழுவியிருந்தாலும் போயிருக்காது."

அவள் அதை ஏற்றுக்கொண்டாள் போலிருந்தது. தலையை ஆட்டிவிட்டு, மறுபடி உரிக்கத் தொடங்கினாள். தக்கையைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.